நாய் கடித்தால் பதில் சொல்ல வேண்டியவர்

தோட்டத்தில் ஒருவரை நாய் கடித்துவிட்டால் முதலில் எழும் கேள்வி, "யாரு வீட்டு நாய்?" என்பதுதான். பதில் கிடைத்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. பங்களா நாய் என்றால் பயத்தினால் நிற்கிறது. பக்கத்துக் காம்பரா நாய் என்றால் உறவு கெட்டுவிடுமே என்று நிற்கிறது. லயத்தில் எல்லோரும் சோறு போடும் நாய் என்றால், கேட்பதற்கு ஆளே இல்லை என்று நிற்கிறது. மூன்றிலும் முடிவு ஒன்றுதான். கடிபட்டவர் தன் காசைச் செலவழித்து, தன் பேரை இழந்து, காயத்தோடு வீட்டில் கிடக்கிறார். நாயை வளர்த்தவருக்கு ஒரு சதமும் செலவில்லை.

இது நியாயமில்லை என்பது எமது கருத்து. சட்டமும் இதை நியாயம் என்று சொல்லவில்லை. நாய்க்கடி தலைவிதி அல்ல. நாய்க்கு உடையவர் இருந்தால், அந்தக் கடிக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. இதை எமது உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டதை முதலில் நிர்வாகத்திடமும், அடுத்ததாக எமக்குள்ளேயும் நடைமுறைப்படுத்த வேண்டும்.

கடிபட்டவருக்கு ஆகும் செலவைக் கணக்குப் பாருங்கள். அரசாங்க வைத்தியசாலையில் நாய்க்கடிக்கான தடுப்பூசி இலவசம். ஆனால் அங்கே போய்ச் சேருவது இலவசமில்லை. எல்கடுவைப் பக்கத்து மலையிலிருந்தோ ரத்தோட்டைக்கு மேலே உள்ள டிவிஷனிலிருந்தோ மாத்தளை வைத்தியசாலைக்கு வருவதென்றால், பஸ் கிடைக்கும் வரை நிற்க வேண்டும். அவசரமென்றால் முச்சக்கரவண்டி பிடிக்க வேண்டும். ஊசி ஒரே தடவையில் முடிவதுமில்லை. திரும்பத் திரும்பப் போக வேண்டும். போகும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போகிறது. பிள்ளை கடிபட்டால் தாயின் பேரும் போகிறது, பிள்ளையின் பாடமும் போகிறது. இரண்டாவது, மூன்றாவது ஊசிக்குப் போகாமல் விட்டுவிடுபவர்கள் அறியாமையால் மட்டும் விடுவதில்லை. கையில் காசில்லாமலும் விடுகிறார்கள்.

அப்படி விடுவது உயிரோடு விளையாடுவது. நீர்வெறுப்பு நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. விசர் பிடித்ததாகச் சந்தேகிக்கப்படும் விலங்குகளால் கடிபடுவோரில் சுமார் 40 வீதத்தினர் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எமது நாட்டில் 1973இல் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அது ஆண்டுக்கு 20, 30 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. நாய்களுக்கு ஊசி போட்டதும், கடிபட்டவர்களுக்கு இலவசமாக ஊசி கொடுத்ததும்தான் இந்த முன்னேற்றத்துக்கு முக்கிய காரணம். நாய்க்கு ஊசி போடுவது உடையவரின் கடமை. அந்தக் கடமை தவறினால் விலையைக் கொடுப்பவர் வேறொருவர். இந்த அநீதியைச் சரிசெய்யவே சட்டம் இருக்கிறது.

சட்டத்தில் எமக்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது பொலிஸ். தன் பொறுப்பிலுள்ள விலங்கினால் மனித உயிருக்கோ உடலுக்கோ கடும் ஆபத்து நேராதபடி போதிய ஏற்பாடு செய்யாமல் விடுவது, 1883ஆம் ஆண்டின் எமது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றம். கவனயீனத்தினால் இன்னொருவருக்குக் காயம் ஏற்படுத்துவதும் குற்றம். எனவே "நாய் கடிச்சதுக்கெல்லாம் பொலிஸா?" என்று யாராவது கேட்டால், ஆம் என்பதே பதில். எமது உறுப்பினர்களுக்குத் தமிழில் முறைப்பாடு செய்யும் உரிமை உண்டு. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்க் குற்றம் நிரூபிக்கப்பட்டால், பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படி நீதவான் கட்டளையிடவும் முடியும்.

இரண்டாவது நட்டஈட்டு வழக்கு. எமது நாட்டின் சிவில் சட்டத்துக்கு அடிப்படை ரோமன்-டச்சுச் சட்டம். வீட்டு விலங்கு தன் இயல்பான சாதுத்தன்மைக்கு மாறாக ஒருவரைத் தாக்கினால் அதன் உடையவர் நட்டம் கொடுக்க வேண்டும் என்ற பழைய விதி அதில் உண்டு. அதே சட்டத்தைப் பின்பற்றும் தென்னாபிரிக்காவில், உடையவரிடம் தவறு இல்லாவிட்டாலும் அவரே பொறுப்பு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1927இலேயே உறுதிப்படுத்தியது. 2020 செப்டெம்பரில் அதே நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பை எமது மக்கள் கட்டாயம் அறிய வேண்டும். ஜெஃப்ரீஸ் பே என்ற ஊரில், தோட்டவேலை செய்தும் குப்பை பொறுக்கியும் பிழைத்த ஓர் ஏழைத் தொழிலாளி, தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு பொதுத் தெருவில் போனார். ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்த மூன்று நாய்கள் அவரைக் குதறின. அவர் ஒரு கையை இழந்தார். உடையவர் என்ன சொன்னார் தெரியுமா? "நான் கேற்றைப் பூட்டித்தான் வைத்திருந்தேன். திருட வந்த எவனோ உடைத்துத் திறந்துவிட்டான்" என்றார். நீதிமன்றம் அதை ஏற்றுத் தப்பவிடவில்லை. நாயை வைத்துக்கொள்ளத் தீர்மானித்தவருக்கும், தெருவில் தன் பாட்டில் போனவருக்கும் இடையில் நட்டத்தைச் சுமக்க வேண்டியவர் யார் என்று பார்த்தால், அது நாயின் உடையவரே என்று தீர்த்தது.

அந்தத் தீர்ப்பு எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. இங்கே வழக்குப் பேசும்போது, உடையவரின் கவனயீனத்தையும் சேர்த்து நிரூபிப்பதே பாதுகாப்பான வழி. நாய் கடிக்கக்கூடியது என்று அவருக்குத் தெரிந்திருந்தும் கட்டாமல் விட்டார் என்று காட்ட முடிந்தால் வழக்கு பலமாக இருக்கும். இங்கேதான் எமது மௌனம் எமக்கே எதிரியாகிறது. ஒரே நாய் மூன்று பேரைக் கடித்திருக்கும். மூவரும் வாய்பேசாமல் இருந்திருப்பார்கள். நான்காவது ஆள் துணிந்து முறைப்பாடு செய்தால், "இந்த நாய் இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்லையே" என்று உடையவர் சொல்லுவார். அதை மறுக்க ஒரு துண்டுக் காகிதம்கூட எம்மிடம் இருக்காது. முதல் கடியைப் பதிவு செய்வது கடிபட்டவருக்காக மட்டுமல்ல. அடுத்ததாகக் கடிபடப்போகும் பிள்ளைக்காகவும்தான்.

இன்னும் இரண்டு விஷயங்கள் இந்த வழிக்கு முக்கியம். நட்டஈட்டு வழக்கைச் சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அதற்குப் பிறகு உரிமை காலாவதியாகிவிடும். அடுத்தது, கடிபட்டவர் நாயைச் சீண்டியிருந்தாலோ, அனுமதியில்லாமல் இன்னொருவர் வளவுக்குள் புகுந்திருந்தாலோ, உடையவர் அதைச் சொல்லித் தப்ப முடியும். ஆகவே கட்டிப் போட்ட நாய்க்குக் கல்லெறியும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் நிறுத்துவது ஒழுக்கப் பாடம் மட்டுமல்ல, சட்டப் பாதுகாப்பும்கூட. சிறு தொகைக்கான பிணக்குகள் பெரும்பாலும் முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போகும். அங்கே சட்டத்தரணி தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. வழக்கு வரை போக வேண்டி வந்தால், வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவி செய்கிறது.

மூன்றாவது வழி தொழிற்சங்கத்துக்கே உரியது. கொழுந்து மலையிலோ, றப்பர் மலையிலோ, கொக்கோத் தோட்டத்திலோ, ஸ்டோரிலோ வேலையில் இருக்கும்போது ஒரு தொழிலாளியை நாய் கடித்தால், அது வேலைத்தலக் காயமா என்ற கேள்வி எழுகிறது. வேலையின் காரணமாகவும் வேலை நேரத்திலும் ஏற்படும் காயத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. நிர்வாகம் காவலுக்கு வைத்த நாயோ, பங்களாவிலிருந்து அவிழ்த்துவிடப்பட்ட நாயோ மலையில் வேலை செய்யும் பெண்ணைக் கடித்தால் அதை "சொந்த விஷயம்" என்று ஒதுக்க விடக்கூடாது. இயந்திரத்தில் கை சிக்கினால் எப்படிப் பதிவு செய்வோமோ, அப்படியே இதையும் தோட்ட அலுவலகத்தில் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிய மறுத்தால் தோட்டத் தலைவர் அன்றைக்கே சங்கக் காரியாலயத்துக்கு அறிவிக்க வேண்டும்.

நடைமுறையில் நடப்பது வேறு. கடிபட்டவரிடம் கொஞ்சம் காசு நீட்டப்படும். டிஸ்பென்சரியில் மருந்து போடப்படும். "துரை நல்லவரு, பெரிசு பண்ணாதீங்க" என்று யாராவது வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தக் காசை வாங்குவது குற்றமில்லை. வைத்தியச் செலவுக்கு அது உதவும். ஆனால் "இனிக் கேட்க மாட்டேன்" என்று எழுதிய எந்தத் தாளிலும் சங்கத்திடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். உரிமையைக் கருணையாக மாற்றித் தருவது தோட்டத்துறையின் பழைய வித்தை. கருணைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியிருக்கும். உரிமைக்குக் கணக்குக் கேட்கலாம்.

நாயின் உடையவர் வசதியானவர், கடிபட்டவர் ஏழை என்ற நிலை இங்கே மட்டும் உள்ளதல்ல. 2024 மே மாதத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அவள் அந்தப் பூங்காவின் காவலாளியின் மகள். அப்பா வேலை செய்யும் இடமே அவளுக்கு விளையாடும் இடமாகவும் இருந்தது. காப்பாற்றப் போன தாயும் காயப்பட்டாள். நாய்களுக்கு உரிமம் பெறப்படவில்லை என்பதும் வெளிவந்தது. பொலிஸார் உடையவரைக் கைது செய்தார்கள். அவர்கள் வழக்குப் பதிந்த பிரிவுகளில் ஒன்று, விலங்கை வைத்திருப்பவரின் கவனயீனம் பற்றியது. எமது 1883ஆம் ஆண்டுச் சட்டக்கோவை அந்த இந்தியச் சட்டத்தின் வழியில் வந்ததுதான். அங்கே காவலாளியின் மகளுக்காகப் பேசிய சட்டம் இங்கேயும் இருக்கிறது. அதைப் பேச வைக்க முறைப்பாடு தேவை.

இதுவரை பங்களாவைப் பார்த்துப் பேசினோம். இனி லயத்தைப் பார்த்தும் பேச வேண்டும். இல்லையென்றால் நாம் நேர்மையானவர்கள் அல்ல.

எமது லயங்களில் நாய் இல்லாத வரிசை இல்லை. காட்டுப்பன்றி மரக்கறித் தோட்டத்தைக் கிளறுகிறது, குரங்கு கூரையில் ஏறுகிறது, இரவில் சிறுத்தை நடமாடுகிறது. நாய் எமக்குக் காவல். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நாய்களில் எத்தனைக்கு இந்த வருடம் ஊசி போடப்பட்டது? எத்தனைக்கு அட்டை இருக்கிறது? காலையில் பாடசாலைக்கு வரும் பிள்ளைகள், எந்த லயத்து வாசலைத் தாண்டும்போது ஓட வேண்டும், எந்த இடத்தில் கையில் தடி வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். பெரியவர்களான நமக்குத் தெரியாததா அது? தெரிந்தும் கட்டாமல் விடுவதைத்தானே நாம் மேலே கவனயீனம் என்று சொன்னோம்? சட்டம் துரைக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று இல்லை.

"நாள் சம்பளத்துக்கு வேலை செய்யிற நாங்க எங்கேருந்து நட்டஈடு குடுக்கிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதே நாள் சம்பளத்தில்தான் கடிபட்ட பக்கத்து வீட்டுக்காரரும் வாழ்கிறார் என்பதே அதற்குப் பதில். இரு ஏழைகளில் ஒருவர்தான் செலவைச் சுமக்க வேண்டும் என்றால், நாயை வைத்துக்கொண்டவர் சுமப்பதே முறை. பணமாகக் கொடுக்க முடியாதவர் ஊசிக்குக் கூட்டிப் போய்வரலாம், பஸ் காசைப் போடலாம். இதைப் பெரியவர்கள் நடுவில் இருந்து பேசித் தீர்க்கலாம். கடிபட்டவர் வீட்டு வாசலுக்குக்கூடப் போகாமல் இருப்பதுதான் கூடாது. அதைவிட மேலானது, கடி வராமல் தடுப்பது. சங்கிலியின் விலை நட்டஈட்டின் விலையைவிடக் குறைவு. சுகாதாரத் திணைக்களத்தின் நடமாடும் முகாம்களில் நாய்களுக்கான ஊசியை இலவசமாகவே போடுகிறார்கள்.

அப்படியானால் அந்த முகாம் எமது தோட்டத்துக்கு ஏன் ஒழுங்காக வருவதில்லை? இங்கே அரசாங்கத்தின் பொறுப்பும் வருகிறது. நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலிருந்தும், நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலிருந்தும் இந்த நாட்டில் உண்டு. நாய்களைப் பதிவது உள்ளூராட்சி மன்றத்தின் வேலை. ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டங்களுக்குச் சேவை செய்ய முடியாது என்று பிரதேச சபைகள் நீண்டகாலம் கைவிரித்துவந்தன. வாக்கு எங்களுடையது, வேலை எங்களுக்கில்லை என்ற நிலை. மலையக மக்கள் தொடர்ந்து கேட்டதன் பிறகு 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது தோட்டம் என்ற காரணத்தைச் சொல்லி ஒதுங்க முடியாது. உக்குவளை, ரத்தோட்டை, யட்டவத்தை என எமது மக்கள் வாழும் பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் நாய்ப் பதிவையும் ஊசி முகாமையும் டிவிஷன் டிவிஷனாகக் கொண்டுவர வேண்டும். மலையிலிருந்து நாயைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வா என்று சொல்வது சேவையல்ல.

ஆகவே இந்தப் பத்திரிகை மூலம் நாம் கேட்பது இவைதான்.

தோட்ட நிர்வாகத்திடம்: பங்களா நாயும் காவல் நாயும் வேலை நேரத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும். அவற்றின் ஊசி அட்டைகளைத் தோட்டத் தலைவர் கேட்டால் காட்ட வேண்டும். வேலையில் கடிபட்டவரை நிர்வாகத்தின் வாகனத்தில் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். ஊசிக்குப் போகும் நாட்களுக்குப் பேர் போட வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தைப் பட்டியலில் இதைச் சேர்க்கும்படி எல்லாத் தோட்டக் கமிட்டிகளையும் கேட்டுக்கொள்கிறோம்.

பிரதேச சபையிடமும் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்திடமும்: வருடத்தில் ஒரு தடவையாவது ஒவ்வொரு டிவிஷனிலும் முகாம். சம்பள நாளிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வைத்தால் எல்லோரும் நாயைக் கொண்டுவர முடியும்.

எமது மக்களிடம்: ஒவ்வொரு லயமும் தன் நாய்களுக்கு உடையவர் யார் என்று தீர்மானிக்கட்டும். எல்லோரும் சோறு போடும் நாய்க்கு யாராவது ஒருவர் பேர் கொடுத்து ஊசி போடுவிக்கட்டும். தோட்டத் தலைவரிடமோ தலைவியிடமோ ஒரு கொப்பி இருக்கட்டும். கடித்த திகதி, நேரம், இடம், யாருடைய நாய், கண்டவர்கள் யார் என்று அன்றைக்கே அதில் எழுதட்டும். காயத்தைப் படமெடுத்து, வைத்தியசாலைத் துண்டையும் பஸ் டிக்கட்டையும் சேர்த்து வைக்கட்டும். தீபாவளிக்கு முன் அந்தக் கொப்பியை எல்லா டிவிஷன்களிலும் தொடங்கிவிட வேண்டும் என்பது எமது விருப்பம்.

கடிபட்டவுடன் செய்ய வேண்டியதை மறக்கக்கூடாது. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். சொன்ன நாளில் எல்லா ஊசியையும் போடுங்கள். கடித்த நாயை ஆத்திரத்தில் அடித்துக் கொல்லாதீர்கள். அதைக் கட்டிவைத்து 14 நாள் கவனிக்க வேண்டும். அதற்கிடையில் அது செத்தாலோ காணாமற்போனாலோ உடனே வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். அந்த 14 நாளும் நாயைக் கட்டிக் காத்துக் காட்டும் பொறுப்பும் உடையவருடையதே.

நாய்க்குச் சட்டம் தெரியாது, அதன்மேல் நாம் வழக்குப் போடுவதுமில்லை. சட்டம் தெரிய வேண்டியவர் அதை வளர்ப்பவர். கேட்கத் தெரிய வேண்டியவர்கள் நாம்.